அஞ்சுல அஞ்சு போனா

அன்றைக்கு எதிர்வீட்டு அக்காவுக்கு விடை தெரிந்திருந்ததா, இல்லையா? பல வருஷங்களாக இந்தக் கேள்வியை மனசுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள், தெரிந்துதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று தோன்றும். மறுநாளே, அன்றைக்குச் சின்னக் குழந்தையாக இருந்தவளுக்கு அவ்வளவு யோசனை எங்கே இருந்திருக்கப்போகிறது என்று தோன்றும். இப்போது என் மகள் விஷயத்தில் நான் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. எழுதினால் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். அக்கா எங்கே இருக்கிறாளோ, இதைப் படிக்கக் கேட்டால் என்ன நினைப்பாளோ என்ற தயக்கமும் இருக்கிறது. அதனால் பெயரை மட்டும் எழுதவில்லை.

மகளுக்கு ஏழு வயசு நடக்கிறது. சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. பாட்டைக் கேட்டால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள். கதை சொல்லச் சொன்னால் கை, கால், கண் எல்லாம் சேர்ந்து சொல்லும். கணக்கு மட்டும் வரவில்லை. அதிலும் கழித்தல் ஆரம்பித்த பிறகு சிலேட்டைத் தொடுவதற்கே பயந்தாள். வகுப்பில் தப்பாகச் சொல்வாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், வீட்டுக்கு அழுதுகொண்டு வருவாள். அப்படியே கொஞ்ச நாள் போனது. பிறகு ஒரு சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? ஆத்தூர்ல ஒரு புள்ளை இருந்துச்சாம். அதுக்குக் கணக்கே வராதாம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரு வந்து கேட்டாராம், ‘பானையிலே அஞ்சு படி அரிசி இருக்குது. அஞ்சு படியையும் எடுத்தாச்சு. மீதி என்ன?’ன்னு. அந்தப் புள்ளை..."

இந்த இடத்தில் நிறுத்தினாள். இல்லாத ஒரு பானையை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "நெறஞ்சிருக்குதுங்க!"

அடுப்படியிலிருந்து என் மாமியார் சிரித்தார்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நிறுத்தமும், பானையைச் சாய்க்கிற சாய்ப்பும், எட்டிப் பார்க்கிற கழுத்தும் யாருடையவை என்று எனக்குத் தெரியும்.

"யாரு சொல்லிக்குடுத்தா உனக்கு?"

"பெரிய தாத்தாதான். நான் வகுப்புல சொன்னம்மா. அத்தன பேரும் சிரிச்சாங்க. டீச்சரும் சிரிச்சாங்க."

பெரிய தாத்தா என்பது என் மாமனாருக்கு அண்ணன். அவருக்கு இந்த வேடிக்கை எப்படி இந்த உருவத்தில் கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அன்று முதல் என் மகள் அழுவதில்லை. அன்று முதல் கணக்குப் போடுவதும் இல்லை. எதைக் கேட்டாலும் ஒரு வேடிக்கைப் பதில் தயாராக வைத்திருக்கிறாள். "பத்தைச் சரிபாதி பண்ணு" என்றால், "கத்தி குடுங்க டீச்சர்" என்கிறாளாம். போன வாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். "நல்லாப் பேசற குழந்தைங்க. கோவிக்கவே முடியறதில்லை. ஆனா அரைப் பரீட்சை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் எழுத்துத் தெரியாத பிள்ளைங்களோட பின்னாடிதான் உக்கார வைக்கணும்" என்றார்கள். சொல்லும்போதே சிரிப்பை அடக்கினார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் போகிற சாலையில் இருக்கிறது. அப்பாவுக்குத் தபால் ஆபீஸில் வேலை. அக்கா எதிர்வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது நான் என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவள். அவர்களுக்கு ஊருக்கு மேற்கே காடு இருந்தது. கடலையும் பருத்தியும் போடுவார்கள். அக்கா ஒல்லியாக, பனைமட்டை போல நீண்டு இருப்பாள். சிரிக்கும்போது ஒரு விரலால் மூக்குத்தியை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். சிரிக்கிற வேகத்தில் அது கழன்று போய்விடும் என்பதுபோல.

அரிசி, உப்பு, எண்ணெய் இவை தீர்ந்துபோனால் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது, ‘நிறைந்திருக்கிறது’ என்றுதான் சொல்லவேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விளக்கை அணை என்று சொல்லமாட்டோம். வெளியே கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லமாட்டோம், ‘வாரேன்’ என்போம். ஆனால் நாம் எல்லாரும் இதை நாலைந்து சாமான்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அக்கா நிறுத்தவில்லை. அவள் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் எதற்குமே வந்து நான் கேட்டதில்லை.

அம்மா என்னை உப்பு வாங்கிவர அனுப்புவாள். கிண்ணத்தோடு போய் நிற்பேன். "உப்பு நெறஞ்சிருக்குது சாமி. சந்தைக்குப் போயிட்டு வந்து கொறச்சுக்கறேன், அப்பறமா வா" என்பாள். அவள் புருஷனைத் தேடி யாராவது வந்தால், "ஊடு பூரா அவுருதான் நெறஞ்சிருக்கறாருங்க. பொழுது சாய வாங்க" என்பாள். வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய்த் திரும்புவார். ஒரு கோடையில் அவர்கள் கிணறு அடி காய்ந்துவிட்டது. அப்பா வருத்தமாக விசாரித்தார். "நெறஞ்சிருக்குதுங்க மாமா. ஒரு மழை பெஞ்சா எல்லாஞ் செரியாக் கொறஞ்சு போயிரும்" என்றாள். அப்பா சிரிக்கக்கூடாது என்று நினைத்து, முடியாமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விதைக்குக் கடலை உடைக்கிற மத்தியானங்களில் தெருப்பெண்கள் எல்லாம் அக்கா வீட்டில் கூடுவார்கள். கை உடைத்துக்கொண்டே இருக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். அங்கேதான் அந்தக் கதையை நான் முதன்முதலில் அவள் வாயாலேயே கேட்டேன்.

"எங்கூர்ல பள்ளிக்கோடம் போன பொட்டப்புள்ளை நா ஒருத்திதான். எங்கப்பனுக்கு என்னமோ ஆச. ஒரு நாளைக்கு இன்ஸ்பெக்டரு வந்துட்டாரு. தலப்பாக்கட்டு இத்தாம்பெருசு. வாத்தியாருக்கு வேர்த்து ஊத்துது. பசங்களையெல்லாம் உட்டுப்போட்டு என்னயப் பாத்து, ‘நீ எந்திரி’ன்னாரு. ‘ஒரு பானையில் ஐந்து படி அரிசி இருக்கிறது. ஐந்து படியையும் எடுத்துவிட்டால் மீதி என்ன?’ அவ்வளவுதான்."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? எங்கூட்டுல அஞ்சு படி அரிசிய ஒண்ணாப் பாத்ததே தீவாளிக்குத்தான். அதையும் மொத்தமா எடுக்கறதாமா? எந்த ஊட்டுலயாச்சு பானையத் தொடச்சு எடுப்பாங்களா? ஒரு கைப்புடி உட்டு வெக்கமாட்டாங்க? வாத்தியாரு பின்னால நின்னுக்கிட்டு வாய வாய அசைக்கறாரு, ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லச் சொல்லி. வெள்ளிக்கெழம நாளு. அதெப்படி என் வாயால சொல்லுவேன்? ‘நெறஞ்சிருக்குதுங்க’ன்னேன்."

சிரித்துச் சிரித்து இன்ஸ்பெக்டரின் தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்துவிட்டதாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சங்ககிரி பங்களாவில் உட்கார்ந்து அதை அவர் சொல்லியிருக்கிறார். பரிமாறியவர் கேட்டிருக்கிறார். பரிமாறியவருக்குச் சொந்தக்காரர் பருத்தி வண்டி ஓட்டுகிறவர். வண்டி எந்தெந்த ஊருக்குப் போயிற்றோ அந்தந்த ஊருக்கெல்லாம் கதையும் போயிற்று.

"அப்பறம் நீங்க பள்ளிக்கோடத்துக்கு?"

"அடுத்த நாளு எங்கூட்டு எருமைக்கு என்னய ரொம்பத் தேடிப்போச்சு சாமி."

"படிப்பு?"

"படிப்பு நெறஞ்சு போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அம்மா மட்டும் குனிந்தபடி கடலையை உடைத்துக்கொண்டே இருந்தாள்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதே கதையை வேறொரு மத்தியானம் சொன்னபோது வாத்தியார் வாயசைத்தது வரவில்லை, வெள்ளிக்கிழமையும் வரவில்லை. "எனக்கு ஒரு மண்ணுந் தெரியலீங்க. வாயில வந்ததச் சொல்லிப்போட்டேன்" என்றாள். எது நடந்தது, எது சொல்லச் சொல்லச் சேர்ந்தது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டு தடவையும் சத்தியம் போலத்தான் இருந்தது.

கதை ஊர் சுற்றித் திரும்பி அவளிடமே வந்துகொண்டிருந்தது. அதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் என்னால் நம்ப முடியவில்லை. பஸ் போகாத கிராமத்துக்கெல்லாம் அது போயிருந்தது. போன இடத்தில் அந்தந்த ஊர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தது. அக்கா யாரிடம் கேட்டாலும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்பாள். "எந்த ஊருப் புள்ளைங்க அது?" என்று விசாரிப்பாள். முடிவதற்கு முன்பே மூக்குத்தியை அமுக்கிக்கொண்டு சிரிப்பாள். பிறகு, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்பாள்.

குமாரபாளையத்திலிருந்து வந்த வளையல்காரர், அது தங்கள் ஊர் நெசவுக்காரர் வீட்டுப் பையன் என்று அடித்துச் சொன்னார். "‘அஞ்சு பாவு நூலையும் நெய்து முடிச்சாச்சு, மீதி என்னடா?’ன்னு வாத்தியாரு கேட்டாருங்கம்மா. பையன், ‘இடுப்பு வலிங்க’ன்னுட்டான்."

நாமக்கல் பக்கத்து மாட்டு வியாபாரி ஒருவர் அக்கா வீட்டுக்குக் காளை பார்க்க வந்தார். அவர் கதையில் மோகனூர்ப் பையன். "அஞ்சு மாட்டச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போயி அஞ்சையும் வித்துப்போட்டா மீதி?" "அஞ்சு கயிறுங்க." மாட்டை விற்றாலும் கயிற்றை யாரும் கொடுக்கமாட்டார்கள். அக்கா அன்று சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த காளை மிரண்டுவிட்டது.

அம்மை குத்துகிறவர்களோடு சேலத்திலிருந்து ஒரு கிறிஸ்தவ நர்ஸம்மா வருவார். அவர் சொன்னதுதான் எனக்கு மறக்காதது. அவர்கள் கோயில் பள்ளிக்கூடத்தில், "ஐந்து அப்பத்தில் ஐந்தையும் ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டால் மீதி என்ன?" என்று கேட்டாராம் சாமியார். ஒரு பெண், "பன்னிரண்டு கூடைங்க சாமி" என்றாளாம். அக்காவுக்கு அது விளங்கவில்லை. நர்ஸம்மா ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டே, தங்கள் வேதத்தில் வருகிறபடி ஐந்து அப்பத்தில் ஆயிரக்கணக்கான பேர் சாப்பிட்டதையும், மிச்சத்தை அள்ளினால் பன்னிரண்டு கூடை வந்ததையும் சொன்னார். அக்கா வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"அப்ப அந்தப் புள்ளை சொன்னது செரிதானுங்களே!"

நர்ஸம்மா திகைத்துப்போனார். பிறகு, "ஆமாம்மா, சரியாத்தான் இருக்கு" என்றார்.

எல்லா ஊரிலும் கணக்கு வராத குழந்தையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஊர்க் குழந்தையும் தன் வீட்டில் கடைசியில் எது மிஞ்சுமோ அதைத்தான் சொல்லியிருந்தது. இதை நான் அப்போது யோசித்ததில்லை. இப்போது மகளுக்குச் சிலேட்டில் கழித்தல் போட்டுக் கொடுக்கும்போதுதான் யோசிக்கிறேன். யோசித்து என்ன பிரயோஜனம், பரீட்சையில் ‘கயிறு’ என்று எழுதினால் மார்க்குப் போடுவார்களா என்றும் உடனே தோன்றிவிடுகிறது.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய சமயம். அக்காவும் அம்மாவும் நானும் திருச்செங்கோட்டுக்குப் போனோம். வழியில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் கரி அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார், நாங்கள் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். சரிகை வேஷ்டி கட்டிய ஒருவர் எல்லாருக்கும் பொழுது போகட்டுமே என்று அந்தக் கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, "இந்த மாதிரிக் கழுதைகளைப் பள்ளிக்கூடத்துல சேத்துனா கவர்ன்மெண்டு உருப்படுமா? அது இப்ப எந்தக் கட்டுத்தறையில சாணி அள்ளுதோ!" என்று ஒரு வாலையும் சேர்த்தார்.

எனக்கு முகம் சுட்டது. அக்காவைப் பார்த்தேன். அவள்தான் முதலில் சிரித்தவள்.

"நல்லாச் சொல்றீங்க. ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"மீதி என்னன்னு கேட்டதும் பதிலுக்கு ஓடிப்போறீங்க. அங்க கொஞ்சம் நிக்கோணுமுங்க. அந்தப் புள்ளை பானைய மெதுவாச் சாய்க்கோணும். உள்ள எட்டிப் பாக்கோணும். பாத்துப்போட்டுச் சொன்னாத்தான் செரியா வரும்."

செய்தும் காட்டினாள். புளியமரத்தடி முழுதும் மறுபடி சிரித்தது. சரிகை வேஷ்டிக்காரர் ஒரு மாணவனைப்போல இரண்டு தரம் செய்து பார்த்துக்கொண்டார். சாணி அள்ளுகிற வால் அந்தச் சிரிப்பிலே காணாமல் போயிற்று.

பஸ் ஏறியதும் அக்காவின் காதில் கேட்டேன். "அது நான்தான்னு சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"சொன்னா அவுரு பாவம், வெச்சிருந்த சிரிப்பைக் கொண்டுபோயி எங்க வெப்பாரு?"

அவள் கோபத்தை மறைத்துக்கொண்டு பேசுகிறாளா என்று முகத்தைத் துருவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பெண் பார்க்க வந்ததும் அந்தச் சண்டைக் காலத்திலேதான். மூன்று பேர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஏழெட்டுப் பேராகக் காலையிலேயே வந்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு போட்டாகவேண்டும். அப்போது கண்ட்ரோல் அரிசி எந்த வீட்டிலும் கையளவுக்கு மேல் இருக்காது. அம்மா வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ஏம்புள்ள, ஒரு படி அரிசி இருக்குமா? பொறவு தாரேன்."

அக்கா வழக்கம்போலச் சொன்னாள்: "நெறஞ்சிருக்குதுங்க அத்தை."

வாசலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, அதாவது இப்போது என் மகளுக்குப் பெரிய தாத்தா, இதைக் கேட்டுவிட்டு, "அட! அந்தக் கணக்குப் புள்ளை கதையாட்டமே இருக்குது!" என்று தொடையைத் தட்டினார். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. அரிசி கிடைக்கவில்லை என்பது ஒன்று. அரிசிக்கு அடுத்த வீட்டில் கேட்டது சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது என்பது இன்னொன்று. நான் உள்கதவுக்குப் பின்னால் புதுப்புடவையோடு நின்றுகொண்டு, இந்தச் சம்பந்தம் இத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

பெரியப்பா கதையை ஆரம்பித்தார். பாதிக்குள் அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டாள். அவள் இடுப்பில் அவள் வீட்டு அரிசிப் பானை.

"ஏனுங்க மாமா, அதை எங்கூர்ல வேற மாதிரி சொல்லுவமுங்க. பாக்கறீங்களா?"

கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு இன்ஸ்பெக்டரானாள். அதை உருவித் தோளில் போட்டுக்கொண்டு வேர்வை துடைக்கிற வாத்தியாரானாள். பிறகு துண்டைக் கீழே போட்டுவிட்டுச் சின்னப் பெண்ணானாள். பானையை மெதுவாகச் சாய்த்தாள். வந்தவர்கள் அத்தனை பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் எட்டிப் பார்த்தாள். "நெறஞ்சிருக்குதுங்க."

பெரியப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு முறை செய்யச் சொன்னார். அவரே பானையில்லாமல் செய்து பார்த்தார். அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய் ராகியைப் போட்டுக் களி கிண்டிக் கீரையும் கடைந்துவிட்டாள். சிரித்துக் களைத்திருந்தவர்கள் களியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ருசியாக இருக்கிறது என்று மறுபடி கேட்டார்கள். அரிசி பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பானையின் வாய் சாய்ந்தபோது அது உள்கதவைப் பார்த்துச் சாய்ந்தது. உள்ளே இருந்தது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. அடியில் ஒரு கைப்பிடி அரிசி, அதன்மேல் ஒரு மஞ்சள் துண்டு. அவ்வளவுதான். அக்காவின் குழந்தைகள் பல நாளாகக் காலையும் மாலையும் கம்பங்கூழ் குடிப்பது எனக்குத் தெரியும். சின்னது அரிசிச் சோறு கேட்டு அழுததும் தெரியும். அப்படியிருந்தும் அந்தக் கைப்பிடியில் அவள் கை வைக்கவில்லை.

வந்தவர்கள் போனபிறகு கேட்டேன். "பானையை ஏங்க்கா தூக்கிட்டு வந்தீங்க? யாராச்சும் உள்ள பாத்திருந்தா?"

"சிரிக்கற ஆளு உள்ள பாக்கமாட்டான் சாமி" என்றாள்.

என் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அவர்கள் காட்டை விற்றுவிட்டு மேட்டூர்த் தண்ணீர் பாயும் பக்கமாகப் போய்விட்டார்கள். கிளம்புவதற்கு முன் நான் ஊருக்குப் போயிருந்தேன். அப்போது நேராகவே கேட்டேன். "அன்னிக்கு உங்களுக்கு விடை தெரியுமா, தெரியாதாக்கா?"

அவள் மூக்குத்தியை அமுக்கிக்கொண்டாள். "நீ அந்த இன்ஸ்பெக்டரு மாதிரியே கேக்கற. இன்னொருக்காக் கேளு" என்றாள். இன்னொரு தடவை கேட்டேன். சிரித்தாள். "வாரேன் சாமி" என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டாள். அப்புறம் அவளைப் பற்றி எனக்குத் தகவல் கிடைக்கவில்லை.

பெரிய தாத்தா அன்று எங்கள் வீட்டில் கற்றதைத்தான் சேலத்தில் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆத்தூர் எப்படி அதில் வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. அந்தக் கணக்குப் புள்ளையை நேரில் பார்த்திருக்கிறோம் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒருவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "எங்க வம்சத்துக்கும் கணக்குக்கும் வெகுதூரம்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள். "பொட்டப்புள்ளை கணக்குப் போட்டு எந்தத் தாலுகாக் கச்சேரி வேலைக்குப் போகப்போறா? சிரிச்ச முகமா இருக்கறா, அதுவே போதும்" என்கிறார்கள் மாமியார். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று நினைக்கிறேன். முன்பு அழுதவள் இப்போது சிரிக்கிறாளே, அதைக் கெடுக்க நான் யார்? ஆனால் சிரித்துக்கொண்டே எருமைக்குப் பின்னால் போன அக்காவின் நினைவும் வருகிறது. அக்காவுக்கு அது பலமாக இருந்ததா, அல்லது அது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியதா?

தரையில் அவரை விதைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டு, "மீதி எத்தனை?" என்று கேட்டால் அவள் தரையைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறாள். என் உதடு எந்தப் பக்கம் அசைகிறது, எதைச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும் என்று பார்க்கிறாள். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டால் பயந்து போகிறாள். தளர்த்தினால் உடனே ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டு எழுந்து ஓடுகிறாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் தனியாக மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். கொட்டாங்கச்சிகளில் மணலை நிரப்பி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தன் துணிப்பொம்மைக்கு ஊட்டினாள். நான் துணி காயப்போட வந்தது அவளுக்குத் தெரியாது. "எட்டுல மூணு தின்னாச்சு. அஞ்சு இருக்குது. அஞ்சையும் தின்னாச்சு. ஒண்ணுமில்லை, போ" என்று பொம்மையிடம் சொன்னாள். சரியாகச் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். "உனக்குத்தான் தெரியுதே கண்ணு! டீச்சர் கேக்கறப்போ இதையே சொல்றதுக்கென்ன?"

"இதைச் சொன்னா யாரு சிரிப்பா?"

"சிரிக்காட்டிப் போறாங்க."

அவள் என் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "சிரிக்காட்டி அடுத்த கணக்கைக் கேப்பாங்கம்மா."

இறங்கி மறுபடி மணலுக்கே போய்விட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் குழந்தை வளர்த்துப் பெரியவர்களாக்கிய தாய்மார்கள் இருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பழகுகிற ஆசிரியைகளும் இருப்பீர்கள். அடுத்த தடவை அவள் பானையைச் சாய்த்துக் காட்டும்போது நான் சிரிக்கலாமா? சிரித்தால், கணக்கிலிருந்து தப்பிக்க நானே கதவைத் திறந்துவிடுவதாக ஆகுமா? சிரிக்காமல் நின்றால், தானாக ஒரு வழி கண்டுபிடித்து அழுகையை நிறுத்திய குழந்தையை மறுபடி அழ வைப்பதாகுமா? அந்த வேடிக்கையில் வருகிற பெண்ணை எனக்குத் தெரியும் என்பதை இந்த வயசில் அவளிடம் சொல்வது நல்லதா, கெட்டதா? அனுபவம் உள்ளவர்கள் இரண்டு வரி எழுதினாலும் போதும். அரைப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. தினமும் காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, ஏதாவது சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்கிறாள்.